இஸ்ட்ராபெரிக்கு முத்துப் போட்டது

வடுகபட்டி,
தாது வருஷம், மாசி 12.

கோடைக்கானல் துரை பங்களாவில் தோட்ட மேஸ்திரியாய் இருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை வைகுண்டராஜ் அவர்களுக்கு, உம் அக்காள் புருஷன் வேலுச்சாமி எழுதுவது. இங்கே நானும் உம் அக்காள் பஞ்சம்மாளும் மகள் சந்தனமும் மாடு கன்றுகளும் சுகம். அவ்விடத்துக் குளிருக்கு உம் இருமல் எப்படி என்று எழுதவும்.

நீர் பிஸ்கோத்து டின்களில் நட்டு அனுப்பிய நாலு இஸ்ட்ராபெரிச் செடிகளும் வந்தன. நீர் எழுதியபடி வீட்டுக்குள்ளேயே, கிழக்கு ஜன்னலோரம், ஈரச் சாக்குக் கட்டி வளர்த்தேன். மூன்று பட்டுப்போயின. நாலாவது ஒரே ஒரு பழம் விட்டது. மாப்பிள்ளை, ஐம்பது வருஷமாய் மண்ணில் கிடக்கிறவன் நான். மாவும் பலாவும் விதையை வயிற்றுக்குள் ஒளித்துவைக்கும். முந்திரிகூட ஒற்றைக் கொட்டையைத்தான் வெளியே தொங்கவிடும். இதுவோ அத்தனை விதையையும் தோலுக்கு மேலே பதித்துக்கொண்டு சிவந்து நிற்கிறது! என்னையறியாமல் கை கூப்பிவிட்டேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். "ஏ பஞ்சு! முத்து முத்தாப் போட்டு மேலெல்லாம் செவந்துருச்சு, கதவச் சாத்து, அனல் காத்துப் படக்கூடாது!" என்று கத்தினேன். அது பக்கத்து வீட்டுச் சோணையம்மாள் காதில் விழுந்தது. எங்கள் வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்று முடிவுகட்டி, கேளாமல் கொள்ளாமல் வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். நான் உள்ளே பழத்துக்கு விசிறிக்கொண்டிருந்தேன். அன்றைக்கென்று மயிலாடும்பாறையிலிருந்து சந்தனத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள் வேப்பிலையைக் கண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

"பொண்ணுக்குத்தான் அம்மைன்னு நெனச்சுப் போயிட்டாக. இனி எவுக வருவாக?" என்று உம் அக்காள் என்னை நிற்கவைத்துக் கேட்டாள். சந்தனம் சாப்பிடவே இல்லை. வேப்பிலையைப் பிடுங்கப் போனால் சோணையம்மாள் மறிக்கிறாள்: "ஆத்தாளுக்கு வச்சத மூணு தண்ணி ஊத்தாம எடுப்பீகளாண்ணே? கண்ணு போயிரும்!" அம்மை இறங்கியவர் தலைக்கு ஊற்றும் தண்ணீரை இங்கே யாருக்கு ஊற்றுவது? செடிக்குத்தான் ஊற்றுகிறோம், மஞ்சளும் வேப்பிலையும் கலந்து. இரண்டு தண்ணீர் ஆயிற்று. ஊரார் வாசலில் கூழ்ப்பானையை வைத்துவிட்டு ஓடுகிறார்கள்.

ஆகவே மாப்பிள்ளை, இந்தச் செடியை டின்னோடு வந்து எடுத்துப்போம். இனி ஓர் இலைகூட அனுப்ப வேண்டாம். குழந்தைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். துரைக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
வேலுச்சாமி

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் ஒரு சங்கதி. அந்த மயிலாடும்பாறைப் பையன் சுருளிவேல் இன்று தன்னந்தனியாய் நடந்து வந்து வேப்பிலைக்கு வெளியே நின்றான். "இப்ப எப்படியிருக்கு மாமா? போன வருசம் வீரபாண்டித் திருவிழாவுல ஒங்க பொண்ணப் பாத்தேன், அது போதும். தழும்பு விழுந்தாலும் எனக்குச் சம்மதம். அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றான். நான் அழுதுவிட்டேன். உள்ளே அழைத்து, இருந்த ஒரே பழத்தைச் சந்தனம் கையால் கொடுக்கச் சொன்னேன். விதையோடு வாயில் போட்டுக்கொண்டான். "ருசி எப்படி தம்பி?" என்று பக்கத்தில் போய்க் கேட்டேன். சந்தனத்தைப் பார்த்தபடியே, "கவனிக்கலையே மாமா" என்கிறான். வைகாசியில் கல்யாணம். இன்னும் பத்து டின் அனுப்பவும். அந்தப் பழம் இனிக்குமா புளிக்குமா என்பதையும் மறக்காமல் எழுதவும்.