மூன்றாம் சானலில் மாமி

எதையும் விட்டுவிடாமல் செய்து முடிப்பவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன், நானே அப்படி ஒருவன். (பால் பைக்கற்றைத் திறந்த திகதியை அதன் மேலேயே எழுதி வைப்பவன்.)

ஜேர்மனியில், டோர்ட்மண்டில் அக்காவின் கலியாணம். எனக்கு இருபத்திரண்டு வயது. மறதி மற்றவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று நம்பிய காலம். ஒலி அமைப்பு என் பொறுப்பு. மேளக்காரர் கிடைக்கவில்லை, மேளம் என் மடிக்கணினியில் இருந்தது. மாப்பிள்ளையின் தாயார், அதாவது மாமி, யாழ்ப்பாணத்தில் இருந்தார். விசாவுக்குத் தூதரகத்தில் டெர்மின் (சந்திக்கும் திகதி) கிடைக்கவில்லை. எனவே அவரும் அதே மடிக்கணினியில், வீடியோ அழைப்பில். மாப்பிள்ளை முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, அம்மா வாழ்த்தின பிறகுதான் தாலி கட்டுவன்."

இரண்டு சத்தமும் கணினியிலிருந்து ஒன்றாகக் கலந்து வந்தால், மேளத்தைக் கூட்டும்போது மாமியும் கூடிவிடுவார். அதனால் மேளத்தை மிக்ஸரின் முதலாம் சானலுக்கும் மாமியை மூன்றாம் சானலுக்கும் பிரித்து அனுப்பினேன். (இதற்கு இரண்டு வாரமும் ஆறு பக்க வரைபடமும் ஆயின.) மண்டபத்தின் ஒரு சத்தமும் மாமிக்குத் தவறக் கூடாது என்று, எல்லாச் சானல்களையும் சேர்த்து அவருக்கே திருப்பி அனுப்பினேன். எல்லாவற்றையும். மூன்றாவதையும்.

மாப்பிள்ளையின் கையில் தாலி. திரையில் மாமி, பட்டுச் சேலையில். அயலவர்களும் கேட்கட்டும் என்று கைபேசியைப் பெரிய ஸ்பீக்கரில் பூட்டியிருந்தார்.

"பிள்ளையள், கேக்குதோ?" என்றார்.

இரண்டு விநாடி கழித்து மண்டபம் முழுக்க ஒரு குரல்: "பிள்ளையள், கேக்குதோ?" (மூன்றாம் தரமும் வந்தது, சற்று மெல்லியதாக.)

"ஆரது?" என்றார் மாமி.

"ஆரது?"

"நான் மாப்பிள்ளையின்ர தாய் கதைக்கிறன்!"

"நான் மாப்பிள்ளையின்ர தாய் கதைக்கிறன்!"

"ஓ, பொம்பிளைப் பகுதியோ? பழிப்புக் காட்டுறியளோ?"

மாமியின் குரலே யாழ்ப்பாணம் போய், அங்கே ஸ்பீக்கரில் ஒலித்து, மறுபடி டோர்ட்மண்ட் வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த எங்கள் அம்மா வாயே திறக்கவில்லை. ஆனாலும் சபை முழுதும் அம்மாவைத்தான் பார்த்தது.

மூன்றாம் சானலை இறக்கினால் சண்டை நிற்கும், வாழ்த்தும் நிற்கும், தாலியும் நிற்கும். மாமிக்குத் திருப்பி அனுப்பும் வழியை வரைந்திருந்த நாலாம் பக்கத்தை நான் தேடிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை ஐயரின் மைக்கை வாங்கினார். "அம்மா, அது உங்கட குரல்தான்!"

"என்ர குரல் எனக்குத் தெரியாதே?" என்றார் மாமி, இரண்டு தரம்.

"தம்பி, முகூர்த்தம் போகுது," என்றார் ஐயர், என்னைப் பார்த்து.

மாமி பெருமூச்சு விட்டார். "சரி, ஆரெண்டாலும் இருக்கட்டும். ரெண்டு பேரும் சந்தோஷமா இருங்கோ. கெதியா ஒரு பிள்ளையைப் பெறுங்கோ."

"கெதியா ஒரு பிள்ளையைப் பெறுங்கோ," என்றது மற்றக் குரல்.

"கெட்டிமேளம்!" என்று ஐயர் கத்தினார். நான் முதலாம் சானலை உச்சிவரை ஏற்றினேன். அன்று சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

அடுத்த ஆண்டு அக்காவுக்கு இரட்டைப் பிள்ளைகள். பதினொரு நிமிட இடைவெளி, குறித்து வைத்திருக்கிறேன். செய்தி கேட்டு மாமி சொன்னதை வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளிக்கும் அம்மா இன்றுவரை சொல்கிறார்:

"நான் கேட்டது ஒண்டுதான். மற்றது தம்பியின்ர வேலை."

அத்தான் மட்டும் என்னைக் குறை சொல்வதில்லை. மூன்றாம் தரம் கேட்பதற்குள் மேளம் வந்துவிட்டதே என்பார்.