கலாநிதி மேர்வினும் முகம் பார்க்கும் மெசினும்

கலாநிதி மேர்வின் அந்தோனிமுத்து, இலங்கையில் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்து, கனடாவில் குடியேறி, அங்கே பொருளியல் பேராசிரியரானவர். அப்படி ஆனதற்கு ஒரு மெசினே காரணம். போன புதிதில் அவர் பெட்டி அடுக்கும் வேலை பார்த்தார். பெட்டி அடுக்க மெசின் வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போனவர் என்ன செய்வார்? படித்தார். 'மெசின் உள்ளே வந்தால் மனிதன் வெளியே போவான்' என்று தடித்த புத்தகம் எழுதினார். அந்த ஒரு வாக்கியத்தாலேயே பெயரும் பதவியும் பெற்றார்.

ஆகவே, மலைநாட்டு நவீனமயமாக்கல் செயலகம் அவர் பிறந்த தோட்டத்துக்கு ஒரு மெசினைக் கொண்டுவந்தபோது, திறந்துவைக்க அவரையே அழைத்தது. அந்தப் புத்தகத்தைச் செயலகத்தில் ஒருவரும் படிக்கவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், ஆட்களின் முகம் பார்த்து வரவு பதியும் மெசின் அது. நாடா வெட்டியானதும், கொழுந்து பறிக்கும் பெற்றீசியா முதல் ஆளாக வந்து நின்றாள். மேர்வினின் கூடப்பிறந்த தங்கச்சி. ஒரே பனிமூட்டம், தலையைச் சுற்றித் துண்டு. மெசின், "ஆள் இல்லை" என்றது.

"இந்தா நிக்கிறேனே!" என்றாள் பெற்றீசியா.

செயலகப் பணிப்பாளர் யோகேஸ்வரன் மெசினை எட்டிப் பார்த்தார். "நிக்கிறீங்கம்மா. ஆனா வரல."

"தொடர்ந்து வரலன்னு காட்டுனா பேரை வெட்டிருவாங்க சேர். பேரு போனா குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போயிரும்." அவள் தமையனைப் பார்த்தாள். "அண்ணே, இதத்தானே படிச்ச? வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லு!"

மேர்வின் மெசினையும் தங்கச்சியையும் மாறிமாறிப் பார்த்தார். எழுதியதெல்லாம் சொந்தத் தங்கச்சி தலையிலேயே விடிகிறதே! "மொகத்துப் பனியத் தொடைக்க ஒரு ஆள் போட்டா என்ன?" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

பணிப்பாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மெசின் பிழை என்று எழுதினால் விசாரணை வரும். ஆள் போதாது என்று எழுதினால் நியமனம் வரும். அன்றே பெற்றீசியா 'முகத்துடைப்பு உதவியாள'ராக நியமிக்கப்பட்டாள். துடைத்த துணியைக் காயவைக்க ஒருவர், மெசினுக்குக் குடை பிடிக்க ஒருவர், தலைத்துண்டை விலக்கச் சொல்ல ஒருவர், விலக்கினார்களா என்று மேற்பார்வை செய்ய இன்னும் இருவர். சில மாதங்களில் மலையில் நின்ற அத்தனை பேரும் மெசினைச் சுற்றி வந்துவிட்டார்கள். வரவு முழுமை பெற்றது. தேயிலை மட்டும் பறிப்பாரின்றி மரமாகியது.

கனடா திரும்பிய மேர்வின், நேர்மையான மனிதராகையால், தன்னைத் தானே மறுத்துப் புதுப் புத்தகம் எழுதினார்: 'மெசின் உள்ளே வந்தால் மனிதனும் உள்ளே வருவான், மெசின் பழுதென்றால் குடும்பத்தோடு வருவான்.' பெரிய பரிசு கிடைத்தது.

ஊர் வந்தவருக்குப் பக்கத்து நகரமான ஹட்டனில் பாராட்டு விழா. "ஒலகத்துக்கே நாங்க வழி காட்டிட்டோம்!" என்று முழங்கினார் பணிப்பாளர். மேர்வின் ஒரு தேத்தண்ணி கேட்டார்.

"தோட்டத்துல தூள் இல்லைங்க சேர். கோப்பி ஊத்தவா?" என்றார் பரிமாற வந்தவர்.

அப்போது பக்கத்துத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் பழனியாண்டி, ஆட்களோடு மேடையேறி மேர்வினுக்கு மாலை போட்டார். பிறகு காதருகே குனிந்தார்.

"எங்க தோட்டத்துக்கும் ஒரு மெசின் எடுத்துக் குடுங்க சேர். ஆனா கையெடுத்துக் கும்புடுறேன், நல்லா வேலை செய்யிற மெசினா மட்டும் குடுத்துறாதீங்க. எங்க ஆளுக வயித்துல அடிச்ச மாதிரி ஆயிரும்."