பேத்திக்குப் பெயர் தேறவில்லை

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம். தங்கள் மகள் என்னோடு பேசுவதில்லை. தங்கள் பேத்திக்கு இன்னும் பேச்சு வரவில்லை. மற்றபடி வீடு அமைதியாக இருக்கிறது.

எங்கள் அச்சகத்தின் வேலைமுறை தாங்கள் அறியாததல்ல. பல நாடுகளுக்குப் போகிற சோப்பு, பிஸ்கட் உறைகளை அச்சடிக்கிறோம். ஒரு பெயர் இயந்திரத்துக்குப் போகுமுன், மொழிக்கு ஒன்றாகப் போட்டிருக்கும் மேஜைகளை எல்லாம் சுற்றிவரும். எந்த மொழிக்காரராவது முகம் சுளித்தால் அந்தப் பெயர் அங்கேயே காலி. சோப்புக்கே இத்தனை பந்தோபஸ்து என்றால் பெற்ற பெண்ணுக்கு வேண்டாமா என்று நினைத்தேன் பாருங்கள், அங்கே பிடித்தது சனி. தங்கள் மகள் ஆசைப்பட்ட 'உமா'வைக் கொண்டுபோனேன். ஜப்பானிய மேஜைக்காரர், "எங்க பாஷையில அது குதிரைங்க" என்றார். 'கலா' என்றேன். ஃபின்னிஷ் மேஜை அம்மாள், "அய்யய்யோ, மீனு!" என்று கையை உதறினார். 'மாலா'வுக்கு ஸ்பானிஷ் மொழியில் கெட்டவள் என்று பொருளாம். 'கனி'யாவது தேறும் என்று பார்த்தால், மறுபடி ஜப்பானியர் எழுந்து பக்கவாட்டில் நடந்து காட்டினார். நண்டாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதை அப்படியே வீட்டில் வந்து நடித்துக் காட்டியதுதான் தப்பு.

"எம்பொண்ணு என்ன சோப்புக் கட்டியா? பேர் வைக்கிற வரைக்கும் அவளைத் தொட்டீங்க, தெரியும் சேதி!" என்று ஒரே போடாய்ப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து தொட்டில் பக்கம் எட்டிப் பார்ப்பதோடு சரி. குழந்தையோ என்னைக் கண்டால் காலை உதைத்துக்கொண்டு சிரிக்கிறாள். தூக்கக் கை பரபரக்கிறது மாமா, தாங்க முடியவில்லை.

ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, தங்கள் மகளிடம் நல்ல வார்த்தை சொல்லி, எனக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தர வேண்டும். கொரிய மேஜைக்காரர் விடுப்பில் இருக்கிறார். அவர் திரும்பியதும் சகல மொழிகளிலும் குற்றமற்ற பெயர் ஒன்றைத் தேற்றிவிடுவேன்.

அத்தைக்கு என் வணக்கங்கள். தங்கள் ஆசியை எதிர்நோக்கும்,
மாப்பிள்ளை.

பின்குறிப்பு: சமாதானம் பேச வர வேண்டாம், பேத்தியைக் கொஞ்ச வாருங்கள். உறையை ஒட்டப் போகும்போது தங்கள் மகள் வந்து, "பேரு நிலா. நான் யாரையும் கேக்கல. இந்தாங்க, பிடிங்க" என்று குழந்தையை என் மேல் போட்டுவிட்டாள். சந்தோஷத்தில் அச்சகத்துக்கு உடனே சேதி அனுப்பிவிட்டேன். இந்தோனேசிய மேஜையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. வலது கையில் நிலா, இடது கையில் இந்தப் பேனா. போனை எடுக்க எனக்கு மூன்றாவது கை இல்லை.