நான்காம் சாலையின் மூன்று மணி நேரம்

உலகத்தின் மாநகரங்கள் எல்லாம் காரின் வேகத்தை அடக்கத் தெரியாமல் கையைப் பிசைந்து நிற்க, மலேசியாவின் சாஆ ஊரில் தாமான் செம்பாக்கா குடியிருப்பின் நான்காம் சாலை அதை அடக்கிக் காட்டியது. அடக்கிய மகான், குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ஸ்டானிஸ்லாஸ். சாதனை மூன்று மணி நேரம் நீடித்தது. இதைவிடக் குறைவாக நீடித்த பேரரசு ஏதும் உண்டா என்று தலைவர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் பாலர் பள்ளி ஆசிரியை ஜஹானாராவின் மனுவில் தொடங்கியது. தினமும் காலையில் பன்னிரண்டு பிள்ளைகளைச் சாலையைக் கடந்து எதிர்த் திடலுக்கு அழைத்துப் போவது அவர் வேலை. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளுக்கும் அவசரக்காரர்களுக்கும் அந்தச் சாலைதான் குறுக்குவழி. மே மாதம் ஒரு காரின் பக்கக் கண்ணாடி அவர் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஒரு கையில் பை இருந்தது. மறு கையில் நாலு வயது ஷாஹித் இருந்தான். ஒரு வேகத்தடை போட்டுத் தாருங்கள் என்று மட்டும்தான் அவர் கேட்டார்.

தலைவர் பதறிப்போனார். உடனே கூட்டம் கூட்டினார். வேகத்தடை வேண்டும் என்பதில் செயற்குழுவின் ஒன்பது பேருக்கும் ஒரே கருத்து. அது அடுத்தவர் வீட்டு வாசலில் வேண்டும் என்பதிலும் ஒரே கருத்து. காலி லோரி ஏறி இறங்கினால் தன் வீட்டுக் கண்ணாடி அலமாரி ஆடும் என்றார் செல்வா. தன் இடுப்பு தாங்காது என்றார் ஹாரூன். தலைவருக்கு அப்படிச் சொந்தக் கவலை ஏதும் கிடையாது. அவருடைய புதுக் காருக்கு அடிவயிறு கொஞ்சம் தாழ்வு, அவ்வளவுதான். அதையும் அவர் ‘பொது நலன்’ என்ற தலைப்பில்தான் பேசினார்.

நான்காவது கூட்டத்தில் ஞானம் பிறந்தது. தடை சாலையில் அல்ல, மனத்தில் போடப்பட வேண்டும். ஆகவே ‘நடப்போம், சைக்கிள் மிதிப்போம்’ விழிப்புணர்வு விழா.

விழா நாளில் கல்யாண வீட்டுக்குப் போடுவதைப் போலச் சாலையை அடைத்துக் கூடாரம் போட்டார்கள். ஆறு வீடு தள்ளி இருக்கும் தலைவர் காரில் வந்து இறங்கினார். லோரிகள் வேறு வழி பார்த்துப் போயின. பிள்ளைகள் நடுச்சாலையில் சைக்கிள் ஓட்டினார்கள். ஷாஹித் ஜஹானாராவின் கையை விட்டுவிட்டு ஓடினான். அவரும் ஓடட்டும் என்று விட்டார். அந்தச் சாலையில் அவர் பயமில்லாமல் நின்றது அன்றுதான்.

தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. மைக்கைப் பிடித்து, மக்கள் மனம் ஒரே நாளில் மாறிவிட்டதற்கு இந்த அமைதியே சாட்சி என்றார். மீகூன் நூடுல்ஸ் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கை தட்டினார்கள்.

பதினொரு மணிக்கு ஆட்கள் கயிற்றை அவிழ்க்க வந்தபோது ஜஹானாரா தலைவரிடம் போனார்.

“அண்ணே, விழா நல்லா இருந்துச்சு. கூடாரத்த மட்டும் அப்படியே விட்டுட்டுப் போங்க.”

தலைவர் அன்போடு சிரித்தார். “அது முடியாதுலா, டீச்சர். சங்க விதி இருக்கு. விழா வருஷத்துக்கு ஒண்ணுதான். மத்தபடி கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் ரோட்ட மறிக்கலாம்.”

ஜஹானாரா பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினார். பன்னிரண்டு பேரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தார். ஷாஹித்தின் கையை மறுபடியும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இவங்க யாருக்கும் கல்யாண வயசு ஆகலையே, அண்ணே.”

கடைசிக் கம்பத்தைக் கழற்றும் முன்பே முதல் லோரி ஹார்ன் அடித்தது. சங்கச் செயலாளர் பேட்ரிசியா ஜஹானாரா சொன்ன அந்த வாக்கியத்தை ‘நன்றியுரை’ என்று குறிப்பேட்டில் பதிந்தார். தலைவர் கையெழுத்துப் போட்டார்.