போர்மேனும் ஊரார் கார்க் கண்ணாடியும்

அடுத்தவர் காரின் கண்ணாடியை அனுமதியில்லாமல் துடைப்பது குற்றம் என்று இந்த நாட்டின் எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. எழுதியவர்கள் விருதுநகரில் எங்கள் தெருவில் குடியிருந்ததில்லை. ஒரு வாரம் இருந்திருந்தால் போர்மேனுக்காகத் தனி அத்தியாயமே போட்டிருப்பார்கள்.

போர்மேன் என்பது அவர் பார்த்த வேலை. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்று எங்கள் எதிர்வீட்டுக்கு வந்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் மனைவியே வாசலில் நிற்பவர்களிடம், "போர்மேன் குளிச்சுக்கிட்டு இருக்காக, செத்த இருங்க" என்றுதான் சொல்வார். அவருக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. அந்தக் குறையை எங்கள் கார்களை வைத்துத் தீர்த்துக்கொண்டார்.

ஆலையில் வெடிமருந்து அறைக்கு என்ன விதியோ, அதுதான் காருக்கும். முதலில் செருப்பைக் கழற்றித் தள்ளி வைப்பார். ஆலை அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்களாம். அதைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். இங்கே தகடு இல்லாததால் என் வீட்டு இரும்பு கேட்டைத் தொட்டுக்கொள்வார். நைலான் சட்டை போட்டவன் கிட்டே வரக் கூடாது. போனை அணைக்க வேண்டும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பட்டாசு விதி. ஆகவே காரைச் சுற்றியும் நாலு பேர்தான். காரின் சொந்தக்காரர் ஐந்தாவது ஆளாக வந்து சேர்ந்தால் அவர்தான் விலகிக்கொள்ள வேண்டும்.

துடைக்கத் தெரியாத மனிதர் என்றால் மன்னித்திருப்பேன். தெரியும். எனக்கும் தெரியும். சூலக்கரையில் அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். எதற்கும் ஒரு நடைமுறை உண்டு, வரிசை மாறாமல் செய்ய வேண்டும் என்றே காலம் தள்ளியவன். வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். தூசியைத் தட்ட வேண்டும். கஞ்சி போடாத பழைய பருத்தித் துணி இரண்டு வேண்டும். ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உலர்த்த. உள்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் வெளிப்பக்கத்தைக் குறுக்காகவும் துடைக்க வேண்டும். கோடு விழுந்தால் எந்தப் பக்கத்துக் கோடு என்று அப்போதுதான் தெரியும். இவ்வளவையும் செய்துவிட்டு நிமிர்வேன். போர்மேன் வருவார். கழுத்தைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார்.

"யாரு சார் துடைச்சது, டிரைவரா?"

எனக்கு டிரைவர் கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பகிரங்கச் சண்டை தண்ணீரில் ஆரம்பித்தது. எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளை பூக்கும். குடிதண்ணீரோ அதற்கு மனசு வரும்போது குழாயில் வருவது. அதைக் காருக்கு ஊற்றுகிறவனை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். போர்மேன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. ஒரு நாள் காலை பார்க்கிறேன், என் சுவரில், என் ஆணியில், என் ஏசிக் குழாய்க்கு நேர்கீழே அவருடைய பிளாஸ்டிக் கேன் தொங்குகிறது. தொலையட்டும் என்று விட்டேன். மார்கழி வந்தது. ஏசியை நிறுத்திவிட்டுப் போர்த்திப் படுத்திருக்கிறேன். ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு குரல்.

"சார், ஏசியைக் கொஞ்சம் போட்டு விடுங்க. கேன் பாதிகூட ரொம்பல."

கரண்டு பில்லை யார் கட்டுவது என்று கேட்டேன்.

"தண்ணிதான சார் எனக்கு? குளிரு அம்புட்டும் உங்களுக்குத்தான்."

நான் போர்வையை விலக்குவதற்குள் என் மனைவி எழுந்து போய் ஏசியைப் போட்டுவிட்டாள்.

ஒரு முறை எங்கள் தெருச் சாக்கடையைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். நான் எழுதிய எத்தனையோ மனுக்களுக்குப் பிறகு வந்தவர். பார்த்துவிட்டுத் திரும்பினால், அவருடைய காரின் கண்ணாடி துடைபட்டுக்கொண்டிருக்கிறது. கதவைத் திறக்கப் போனவரைப் போர்மேன் தடுத்துவிட்டார். உள்ளே உட்கார்ந்து மூச்சுவிட்டால் கண்ணாடி மங்கிவிடுமாம், காயும்வரை வெளியே நிற்க வேண்டுமாம். அதிகாரி வெயிலில் நின்றார். சாக்கடை இன்றுவரை அப்படியே இருக்கிறது. இதற்கு நான் யார் மேல் மனுப் போடுவது?

இதையெல்லாம்கூடப் பொறுத்தேன். பொறுக்க முடியாமல் போனது என் ஒரே மகளின் கல்யாணத்தன்று.

மாப்பிள்ளைக்கு ராஜபாளையம். அன்று ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். சம்பந்தி போட்ட ஒரே நிபந்தனை அதுதான். ராகுகாலத்தில் கிளம்பி வந்த மருமகள் என்று முதல் நாளே ஒரு பேச்சு விழுந்தால், பின்னால் அந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் என் மகள்தான் காரணம் என்பார்கள். ஆகவே நாலு மணிக்கே இருவரையும் பூச்சுற்றிய காரில் ஏற்றிவிட்டேன். டிரைவர் சாவியைத் திருகினான். காருக்கு முன்னால் போர்மேன் நின்றார்.

"வண்டிய அமத்துப்பா. இறங்கு."

நடந்தது இதுதான். மாப்பிள்ளையின் நண்பர்கள் கண்ணாடியெல்லாம் நுரையடித்து விளையாடியிருந்தார்கள். டிரைவர் அதை டாஷ்போர்டுக்குப் பாலிஷ் போடும் துணியாலேயே துடைத்துவிட்டு, உள்பக்கமும் ஓர் இழுப்பு இழுத்திருந்தான். மண்டப நிழலில் ஒன்றும் தெரியவில்லை. போர்மேனுக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஓடினேன். ராகுகாலம் வருகிறது, நகருங்கள் என்றேன். குரல் கூடிவிட்டது, வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேக்க பாத்துப் போறாக சார். சிவகாசி தாண்டையில சூரியன் நேரா மூஞ்சிக்கு வந்துரும். இந்தக் கண்ணாடி பாலை ஊத்துன மாதிரி வெளுத்துரும். எதுக்க லாரி வந்தாத் தெரியாது."

நியாயம்தான். அதைச் சொல்ல அவருக்குக் காலையிலிருந்து நேரம் இல்லையா? சம்பந்தி தன் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அதற்குள் என் மகள் தானே கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"மாமா துடைக்கட்டும்ப்பா."

பட்டுச்சேலையும் மாலையுமாகச் செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தாள். ஒன்றும் புரியாத மாப்பிள்ளையும் கழற்றினார். விதி தெரிந்த நான் தானாகவே விலகிக்கொண்டேன். போர்மேன் தலைகளை எண்ணினார். பெண், மாப்பிள்ளை, டிரைவர், அவர். சம்பந்தியைப் பார்த்து, "நீங்க அங்கன தள்ளி நில்லுங்க" என்று கையைக் காட்டினார். அந்த மனிதர் பதிலுக்கு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. தண்ணீர் எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள். மாப்பிள்ளை அறை ஏசிக்கு அடியில் காலையிலேயே கேனை மாட்டியிருக்கிறார்.

முன்கண்ணாடி முடிந்தது. பக்கக் கண்ணாடிகள் முடிந்தன. எல்லோரும் ஏறினார்கள். நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது; எனக்கு மூச்சு வந்தது. போர்மேன் துணியை உதறிவிட்டுக் காரின் பின்பக்கம் போனார்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "பின்கண்ணாடி எதுக்குங்கய்யா? நான் சைடு மிர்ரரைப் பாத்து ஓட்டிக்கிருவேன்."

"இது ஓட்டுறவனுக்கு இல்லப்பா" என்றார் போர்மேன், குனிந்த தலை நிமிராமல். "இங்கன நிக்கிறவுகளுக்கு."

ராகுகாலம் பிறக்குமுன் கார் வாசலைத் தாண்டியது. மகள் பின்சீட்டில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து எங்களைப் பார்த்தாள். அழக் கூடாது என்று அவள் உதட்டைக் கடிப்பது தெரிந்தது. முடியாமல் போனதும் தெரிந்தது. தெருமுனை திரும்பும் வரைக்கும் தெரிந்துகொண்டே இருந்தது.

என் மனைவி உள்ளே போய்விட்டாள். சம்பந்தி வீட்டார் தங்கள் வேன்களுக்கு நடந்தார்கள். போர்மேன் மட்டும் என் பக்கத்தில் நின்று ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். சட்டை முழுக்க நுரையும் சந்தனமும். மதியப் பந்தியில் எந்த வரிசையிலும் அவரைப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. வாசலில் நின்ற விருந்தாளிகளின் கார்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. அவரைக் கேட்க வேண்டிய கேள்விகள் அத்தனையும் வரிசை மாறாமல் என் வாயில் இருந்தன. அவற்றில் இல்லாத ஒன்றைத்தான் கேட்டேன்.

"சாப்பிட்டீகளா, போர்மேன்?"