டத்தோவைக் கேட்காமல் காலி செய்ய முடியாது

பாசமுள்ள பெங் சூ அக்காவுக்கு,

தம்பி கிம் லியோங் வணக்கத்துடன் எழுதுவது. ஈப்போவில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பினாங்கில் நானும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. காரணம் கீழே வருகிறது.

அத்தை எனக்கு எழுதிவைத்துவிட்டுப் போன ஆயர் ஈத்தாம் வீட்டிலிருந்து அந்தக் குடித்தனக்கார அம்மாள் காலி செய்துவிட்டாரா, இல்லை நீ வழக்கம்போல் பல்லை இளித்துக்கொண்டு திரும்பி வந்தாயா என்று கேட்டிருந்தாய். நான் இளிக்கவில்லை. நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடி வீட்டின் சொந்தக்காரர் தன் மகளுக்காக மாதக் கடைசியில் என்னைக் காலி செய்யச் சொல்லியிருப்பதும், சொந்த வீடு இருந்தும் நான் தெருவில் நிற்கப்போவதும் எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. அதனால்தான் முதல் தடவை போனபோதே குரலைக் கனமாக்கிக்கொண்டு, "நான்தாம்மா புது வீட்டுக்காரன்" என்றேன். சியூ கெங் அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வந்தியா? உங்க அத்தை போனதுலேர்ந்து கூரை ஒழுகுது, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். ஏணி பின்னாடி இருக்கு" என்றார். வீட்டுக்காரன் என்று சொன்ன வாயால் ஏணியில் ஏறமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஏறினேன், பின்னறைக்கு மேலே ஓடு மாற்றினேன், இறங்கும்போது முழங்கால் போயிற்று. அடுத்த தடவை சாக்கடை, அதற்கடுத்த தடவை குழாய். ஒவ்வொரு தடவையும் காலி செய்யச் சொல்லப் போய், கை கழுவி, அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறியதுதான் மிச்சம்.

கடைசியில் ஒருநாள் காப்பி வருவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "என்னை ஏன் கேக்கற தம்பி? உங்க அத்தைக்கும் முன்னாடியே இங்க குடியிருக்கறவரு கொல்லையில இருக்காரு. அவரைக் கேளு" என்றார். ரம்புத்தான் மரத்தடியில் மஞ்சள் மாடம், உள்ளே கறுப்புத் தொப்பியோடு டத்தோ கோங். நம் ஊரில் பல கொல்லைகளிலும் காவலிருக்கும் சாமிதான், ஆனால் வீட்டு விவகாரத்தில் இவ்வளவு தலையிடும் டத்தோவை நான் பார்த்ததில்லை. வாடகையை ஏற்றலாமா என்று அத்தை வருஷா வருஷம் அவரைக் கேட்பாராம், அவர் வேண்டாம் என்பாராம், அத்தையும் சரியென்று போய்விடுவாராம். ஒரு மீன் விலைக்காகச் சண்டைபோட்டுச் சந்தையையே கூட்டிய நம் அத்தை.

சரி, நானும் கேட்கிறேன் என்று வெற்றிலையும் சுருட்டும் படைத்து, சாமியிடம் குறி கேட்கும் பிறைக்கட்டைகள் இரண்டையும் தரையில் போட்டேன். இரண்டும் மல்லாந்து விழுந்தன, அதாவது டத்தோ சிரிக்கிறார். மறுபடி போட்டேன், மறுபடியும் சிரிப்பு. அம்மாள் என் பக்கம் குனிந்து முகர்ந்தார்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"கஞ்சி."

"என்ன கஞ்சி?"

அக்கா, சந்தையில் இறங்கியதும் பசி, பன்றிக்கறிக் கஞ்சி ஒரு கிண்ணம் உள்ளே போயிருந்தது. டத்தோ மலாய் முஸ்லிம், பன்றி அவருக்கு ஆகாது என்று நம் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். "பன்னியத் தின்னுட்டு வந்து அவர்கிட்டயே வீடு கேக்கறியே, சிரிக்காம என்ன செய்வாரு?" என்றார்.

மறுவாரம் வெறும் டீயோடு போனேன். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சம்மதம். இரண்டுமே கவிழ்ந்தன, அதாவது மறுப்பு. எனக்குச் சந்தேகம் வந்து, கட்டைகளைக் கையில் தூக்கி எடை பார்த்தேன், தரையில் உருட்டினேன், விளிம்பைத் தடவினேன். "நல்லா பாரு. உங்க அத்தையும் இப்படித்தான் பாத்தாங்க" என்றார் அவர், துணி மடித்துக்கொண்டே. பார்க்கப் பார்க்க எனக்கு வீட்டைவிட டத்தோ மேல்தான் ஆவல் அதிகமாயிற்று. மழை வருமா என்று கேட்டேன். வரும் என்றார் டத்தோ, வந்தது. அத்தை மனதாரத்தான் வீட்டைக் கொடுத்தாரா? ஆமாம். இந்த அம்மாள் போக வேண்டுமா? வேண்டாம். "அப்ப நான் எங்க போறது?" என்று கத்திவிட்டேன். ஒரு கட்டை உருண்டு மாடத்துக்கு அடியில் போய்விட்டது.

"அவருக்கு ஆமா, இல்லைன்னு மட்டும்தான் சொல்ல வரும் தம்பி. கேக்கறத ஒழுங்கா கேளு."

ஒழுங்கான கேள்வி எதுவென்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் வீட்டுக்காரன் தன் வீட்டில் இடம் கேட்பதா? வெட்கமாக இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஆகவே அக்கா, நீ கவலைப்படாதே. இனி டத்தோவும் இல்லை, ஏணியும் இல்லை. நாளைக் காலை வக்கீல் நோட்டீஸை அம்மாள் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் இருக்கட்டும்.

சொன்ன சொல் மாறாத தம்பி,
தியோ கிம் லியோங்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுமுன் நோட்டீஸோடு போனேன். அம்மாள் மாடத்தின் முன்னால் நின்று கட்டை போட்டுக்கொண்டிருந்தார். "இவனும் இங்கயே இருக்கட்டுமா?" நான் கேட்க வெட்கப்பட்டதை அவர் கேட்டுவிட்டார். இரண்டு தடவை சம்மதம், மூன்றாவது சிரிப்பு. மூன்றும் சம்மதமாக வேண்டுமே என்றேன். "சிரிச்சாரு, வேணாம்னு சொல்லலையே" என்றார். நோட்டீஸ் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. இனி அத்தை வீட்டு முகவரிக்கே எழுது. நீ வரும்போது பன்றித் தொத்திறைச்சி கொண்டுவராதே, வழியில் சாப்பிட்டும் வராதே. அம்மாள் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். எனக்குப் பின்னறை. இப்போது நல்ல மழை. தலைக்கு மேலே நான் மாற்றிய ஓடுகள்தான், ஒரு சொட்டு ஒழுகவில்லை.