மத்தியாஸ் இருக்கும் படங்கள்

ஜின்சி ‘மத்தியாஸ்’ என்று தட்டியதும் திரை நிறையப் படங்கள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கேள்விக்குறி.

“கிடைச்சிட்டாரா தாயி?” என்றாள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இருதயம்மாள். அவள் குடையிலிருந்து வடிந்த தண்ணீர் ஸ்டுடியோத் தரையில் பாதியை நனைத்திருந்தது.

“நிறைய இருக்காரு பெரிம்மா,” என்றாள் ஜின்சி.

இருதயம்மாளின் அண்ணன் மத்தியாஸ் காலையில்தான் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நாளைக்கு அடக்கம். வண்டிப்பெரியாரில் யார் செத்தாலும் ஜங்ஷனில் படத்தோடு ஒரு ஃப்ளெக்ஸ் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் செத்ததாகவே ஊர் எடுத்துக்கொள்வதில்லை. மத்தியாஸ் கல்யாணம் கட்டாதவர், ஆகவே வீட்டில் ஆல்பம் கிடையாது. ஆதார் அட்டையில் இருந்த முகமோ போலீஸ் தேடும் ஆளைப் போல இருந்தது.

“அனாதைப் பொணம் மாதிரி அனுப்பிரக் கூடாது தாயி. எங்கண்ணன் இல்லாம இந்த எஸ்டேட்டுல ஒரு கல்யாணம் நடந்ததில்ல. இங்கதான் எங்கயாச்சும் இருப்பாரு.”

இருந்திருப்பார். நேற்று ஜின்சி சும்மா இருந்திருந்தால்.

ஸ்டுடியோ முதலாளி ஜோஜோ, தான் எடுத்த கல்யாணப் படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு கேட்டலாக்கில் கோத்து வைத்திருந்தார். படத்துக்குப் படம் பெயர், கோயில், தேதி என்று குறிப்பு உண்டு. தேனியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, போன மாதம் வேலைக்குச் சேர்ந்த ஜின்சியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “கேட்டலாக்குல கை வைக்காத.” அவளும் வைக்கவில்லை. ஹார்ட்டிஸ்க்கில் தாறுமாறாகக் கிடந்த ஃபோல்டர்களை மட்டும் அழகழகான பெயர் கொடுத்து வேறு இடத்தில் அடுக்கி வைத்தாள். அண்ணன் வந்து மெச்சிக்கொள்வார் என்று நினைத்தாள். படங்களை வீடு மாற்றினால், கேட்டலாக் பழைய வீட்டு வாசலிலேயே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது.

ஜோஜோவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

‘புது இடத்தைக் காட்டு’ என்றது திரை. காட்டினாள். கேள்விக்குறிகள் மளமளவென்று மறைந்தன. ஜின்சி மாதாவுக்கு நன்றி சொன்னாள். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள்.

“இவரா பெரிம்மா?”

“அது பெரியமுத்து. இப்பத்தான் டீக்கடையில நின்னு பஜ்ஜி தின்னுக்கிட்டிருக்கான்.”

“இவரு?”

“அது பங்குச் சாமியார்.”

“மீசை வச்சிருக்காரே, இவரு?”

“ஏட்டி, அது மாப்பிள்ளையோட அம்மா! கண்ணைத் தொடச்சிட்டுப் பாரு.”

மத்தியாஸ் பெயர் போட்ட படம் ஒவ்வொன்றிலும் பொண்ணு இருந்தாள், மாப்பிள்ளை இருந்தான், பந்தி இருந்தது, கேக் இருந்தது. மத்தியாஸ் மட்டும் இல்லை.

ஜின்சிக்குக் காரணம் விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தாள். கேமரா எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே மாதிரிதான் நம்பர் போடுகிறது. தான் அடுக்கிய அடுக்கில் ஒரு கல்யாணத்துப் பெயர் இன்னொரு கல்யாணத்துப் படத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மத்தியாஸைத் தன் கையாலேயே தொலைத்துவிட்டாள்.

கேட்டலாக்குக்கு வேறு ஃபோல்டரைக் காட்டினாள். சரிவராமல் இன்னொன்று. நம்பர் பொருந்தினால் போதும் என்று அதுவும் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ‘மணப்பெண்’ என்ற குறிப்புக்குக் கீழே ஞானஸ்நானக் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. ‘கேக் வெட்டுதல்’ என்ற குறிப்புக்குக் கீழே யாருடைய சவப்பெட்டியோ இருந்தது.

“இது யாரு கல்யாணம் தாயி?” என்று எட்டிப் பார்த்தாள் இருதயம்மாள்.

“இது... வேற பெரிம்மா.”

கடைசி நம்பிக்கையாக, முகங்களை அடையாளம் காணும் பொத்தானை அமுக்கினாள். கூட்டத்திலிருந்து ஒரு முகத்தை எடுத்துப் போட்டு, ‘இது யார்?’ என்று கேட்டது கம்ப்யூட்டர்.

“மூக்கு அவரு மூக்கு மாதிரிதான் இருக்கு...” என்று இழுத்தாள் இருதயம்மாள்.

அவள் இழுத்து முடிப்பதற்குள் ஜின்சி ‘மத்தியாஸ்’ என்று அடித்துவிட்டாள். கம்ப்யூட்டர் உற்சாகமாகக் கற்றுக்கொண்டது. பங்குச் சாமியார் மத்தியாஸ் ஆனார். வரிசையாக மாப்பிள்ளைகள் மத்தியாஸ் ஆனார்கள். சுரூபக் கூண்டில் நின்ற அந்தோணியாரும் மத்தியாஸ் ஆனார். பயந்துபோய் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துப் பெயரை நீக்கினாள். நீக்கு என்றதும் மத்தியாஸோடு சேர்த்து மற்ற எல்லாருடைய பெயரும் போயிற்று. திரை நிறைய முகங்கள் இருந்தன. ஒருவருக்கும் பெயரில்லை.

ஜின்சி மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

“ஏட்டி, நீ எதுக்கு அழுவுற? செத்தது எங்கண்ணன்,” என்று அவள் முதுகைத் தடவினாள் இருதயம்மாள். பிறகு திரையின் ஓரத்தில் விரலை வைத்தாள். “இது யாரு?”

ஒரு பந்திப் படத்தின் மூலையில் யாரோ ஒருவர் திரும்பிக்கொண்டிருந்தார். முகம் புகையைப் போல் கலங்கியிருந்தது.

“தெரியலயே பெரிம்மா. இவரா அவரு?”

“எனக்கும் தெரியல. அப்ப ஊருக்கும் தெரியாது. இதையே பெருசு பண்ணு.”

பக்கத்து ஃப்ளெக்ஸ் கடைக்காரர் படத்தைத் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தார். “முகம் தெளிவா இல்லயேம்மா?”

“உசுரோட இருந்தப்ப மட்டும் யாரு தெளிவாப் பாத்தாக? அடிங்க.”

மழை விடுவதற்குள் ஜங்ஷனில் ‘ஆதராஞ்சலி’ என்று மலையாளத்தில் அஞ்சலி சொன்ன எழுத்துக்குக் கீழே கலங்கிய மனிதர் நின்றார். பெரியமுத்து அண்ணாந்து பார்த்து, “நல்ல மனுசன்யா” என்று செருப்பைக் கழற்றினார். இருதயம்மாள் அண்ணனை வாங்கிவர ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கிய ஜோஜோ, நனைந்த கேமராப் பையோடு கடைக்குள் நுழைந்தார்.

“ஏ ஜின்சி, பஸ்ஸுல இருந்து ஃப்ளெக்ஸப் பாத்தேன், நம்ம பந்தி பரிமாறுற ஆளு எப்ப செத்தான்? நேத்து தேனியில எனக்கு ரெண்டு தடவை ரசம் ஊத்துனானே!”

“அண்ணே, அது மத்தியாஸ் அண்ணே...”

ஜோஜோவின் கையிலிருந்து பை மேஜைக்கு நழுவியது. “மத்தியாஸ் அண்ணனா? போயிட்டாரா?” அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஜின்சி எல்லாவற்றையும் கொட்டினாள். ஃபோல்டரை மாற்றியது, முகங்களைக் குழப்பியது, எல்லார் பெயரையும் அழித்தது. “முதல்ல சரியாத்தான் திறந்துச்சு அண்ணே. அவரு பேரு இருந்த படம் எல்லாத்தையும் பாத்தேன், ஒண்ணுலயும் அவரு இல்ல. நாந்தான் மாத்தி ஒட்டி அவரைத் தொலைச்சிட்டேன். என்னை வேலைய விட்டு நிறுத்திருங்க.”

ஜோஜோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை.

“நீ ஒண்ணையும் தொலைக்கலட்டி. அன்னன்னைக்கு கேமராவுக்குப் பின்னாடி நின்னு எனக்கு லைட்டு பிடிச்சது யாருன்னு நான் போட்டு வச்ச பேரு அது.”